கடிகாரம் யாரிடம் நேரம் கேட்கிறது?

நேரம் தவறிய கணினி "என் நேரம் தவறிவிட்டது" என்று ஒருநாளும் சொல்லாது. வேறு ஏதாவது ஒரு புகாராகத்தான் அது நம்மிடம் வந்து சேரும். பாஸ்வேர்டு சரியாகத்தான் அடிக்கிறேன், உள்ளே விடமாட்டேன் என்கிறது. நேற்றுவரை திறந்த வங்கித் தளம் இன்று பாதுகாப்பில்லை என்று சிவப்பாகக் காட்டுகிறது. உபுண்டுவில் அப்டேட் கொடுத்தால், ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடிக்கு வரவில்லை, இன்னும் இத்தனை மணி நேரம் ஆகும் என்று விநோதமாக ஒரு செய்தி. புரோகிராமை பில்ட் செய்தால் 'கிளாக் ஸ்க்யூ டிடெக்டட்' என்று ஓர் எச்சரிக்கை. போனில் தெரியும் ஆறு இலக்க எண்ணைப் பார்த்துப் பார்த்து அடித்தாலும் தப்பு என்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் இவற்றில் இரண்டு, ஒரே நாளில், ஒரே அலுவலகத்திலிருந்து வந்தால் வேறு எதையும் தொடுவதற்கு முன் நான் கடிகாரத்தைப் பார்த்துவிடுவேன்.

கோவைப் பக்கம் சிறிய, நடுத்தர நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்த வேலையில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கம் ஒன்று உண்டு. நேரம் தப்பாக இருந்தால் உடனே திருத்தமாட்டேன். இந்தக் கணினி யாரிடம் நேரம் கேட்கிறது, அந்த ஆள் யாரிடம் கேட்கிறார் என்று மேலே மேலே போய்ப் பார்ப்பேன். கையால் திருத்திய கடிகாரம் அடுத்த வாரமே மறுபடி தவறும். அதோடு, தவறியதற்கான தடயமும் போய்விடும். நேரப் பிரச்சினையில் மாட்டிக்கொண்ட யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத் திருத்துவதற்கு முன்னால் எழுதி வையுங்கள். அந்த எண்ணிலேயே பாதி பதில் இருக்கும்.

எப்படி என்று சொல்கிறேன். விலகல் சரியாக 5 மணி 30 நிமிடம் என்றால் கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, டைம்சோன் குழப்பம். தேதி பல வருடம் பின்னால் போய், அந்த மதர்போர்டு தயாரான வருடத்து ஜனவரி 1-ஐக் காட்டினால் பேட்டரி. நாளுக்கு ஒன்றிரண்டு வினாடி வீதம் சேர்ந்து சேர்ந்து சில நிமிடம் ஆகியிருந்தால், அந்த இயந்திரம் வெகுநாளாக யாரையும் கேட்காமல் தன்போக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு விர்ச்சுவல் மெஷின் (ஒரு கணினிக்குள் சாஃப்ட்வேராக ஓடும் இன்னொரு கணினி) மட்டும் சில மணி நேரம் பின்தங்கியிருந்தால், அதை யாரோ சஸ்பெண்ட் செய்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

உள்ளே இரண்டு கடிகாரம்

கணினிக்குள் இரண்டு கடிகாரம் உண்டு. ஒன்று மதர்போர்டில் இருப்பது. வினாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் அதற்கு ஆதாரம். மின்சாரம் இல்லாதபோதும் 3 வோல்ட் நாணய பேட்டரி ஒன்று அதை ஓட வைக்கும். இன்னொன்று இயங்குதளம் தன் நினைவகத்தில் வைத்து எண்ணிக்கொண்டிருப்பது. பூட் ஆகும்போது இரண்டாவது முதலாவதிடம் நேரத்தை வாங்கிக்கொள்கிறது. அதன்பிறகு தன் கணக்கில் ஓடுகிறது. சாதாரணப் படிகத்துக்குப் பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை வருவது இயல்பு. கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். நாளுக்கு 1.7 வினாடி, வருடத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல். வெப்பம் மாறினால் இந்தப் பிழையும் மாறும். ஏசி இல்லாத அறையில், மே மாதத்தில், பழைய கேபினெட்டுக்குள் ஓடும் கணினியின் கடிகாரத்தை அதன்போக்கில் விட்டுவைக்க முடியாது.

பேட்டரி விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம்: ஐந்தாறு வருடமான டெஸ்க்டாப்பில் நேரம் பின்னுக்குப் போனால், சாஃப்ட்வேரை நோண்டாமல் சிஆர் 2032 ஒன்றை வாங்கி மாற்றுங்கள். கடையில் மிகச் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பொருள்.

5:30 விஷயம் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியது. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கும் மாணவர்கள் எல்லோரும் இதில் ஒருமுறை சிக்குகிறார்கள். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதையே யுடிசி (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். இணையத்தைக் கேட்டு விண்டோஸ் திருத்திக்கொண்டபின் திரும்ப லினக்ஸுக்கு வந்தால் ஐந்தரை மணி நேரம் முன்னால். இரண்டில் ஒன்றை மாற்றினால் போதும். லினக்ஸைப் பணிய வைக்க 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் 'செட்-லோக்கல்-ஆர்டிசி' என்பதற்கு 1 கொடுக்கலாம். ஆனால் அந்தக் கட்டளையே இது பரிந்துரைக்கத்தக்க வழி இல்லை என்று எச்சரிக்கும். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம் இஸ் யுனிவர்சல்' என்ற மதிப்பை 1 ஆக வைப்பதைத்தான் நான் செய்வேன். யுடிசியில் இருக்கும் கடிகாரத்துக்கு எந்த நாட்டின் நேரமாற்றமும் ஒரு பொருட்டில்லை.

கேட்பதும் சொல்வதும்

வலைப்பின்னல் வழியாக நேரம் கேட்கும் முறைக்குப் பெயர் என்டிபி. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ் உருவாக்கியது. 1985-ல் அதன் முதல் வரையறை வெளிவந்தது. இன்று புழங்கும் நான்காம் பதிப்பு 2010-ல் வந்தது. மில்ஸ் 2024 ஜனவரியில் காலமானார். இணையத்தில் இத்தனை காலமாக ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் நெறிமுறைகள் சிலவே. அதில் இது ஒன்று. அவருடைய பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் அழுத்தமாக வரவேண்டும் என்பது என் ஆசை.

அதன் உட்கணக்கு அழகானது. நான் கேள்வி அனுப்பிய நேரம், அது சர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரம், சர்வர் பதில் அனுப்பிய நேரம், பதில் என்னிடம் வந்த நேரம் என்று நான்கு நேரக்குறிகள். போக வர ஆன நேரத்தையும், என் கடிகாரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் இந்த நான்கிலிருந்தே பிரித்தெடுத்துவிடலாம். ஒரே நிபந்தனை, போகவும் வரவும் சம நேரம் ஆகிறது என்று அது நம்புகிறது. சமமில்லை என்றால் வித்தியாசத்தில் பாதி நேரடியாகப் பிழையாகிவிடும். அலுவலக இணைப்பில் யாரோ பெரிய ஃபைலை அப்லோட் செய்துகொண்டிருக்கும்போது நேரம் சில பத்து மில்லி வினாடி ஆடுவது இதனால்தான். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இன்றைய லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் நான் வைப்பது குரோனி என்ற என்டிபி புரோகிராம். அதில் 'குரோனிசி சோர்சஸ்' என்று அடித்தால் வரும் அட்டவணையை வாசிக்கத் தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ^ என்ற குறி, அதை ஒட்டி இன்னொரு குறி இருக்கும். அந்த இரண்டாவது குறியில்தான் விஷயமே இருக்கிறது. * என்றால் இப்போது இவரைத்தான் பின்பற்றுகிறேன் என்று பொருள். + என்றால் இவரும் நம்பத்தக்கவர், கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். - என்றால் தப்பில்லை, ஆனாலும் சேர்க்கவில்லை. எக்ஸ் என்று வந்தால் மற்றவர்களோடு ஒத்துப்போகாத, பொய் நேரம் சொல்கிற சர்வர் என்ற சந்தேகம். ? என்றால் இவரை இப்போதைக்குப் பயன்படுத்த முடியாது. பெரும்பாலும் பதிலே வந்திருக்காது.

அடுத்ததாக 'ரீச்' என்ற பத்தியைப் பாருங்கள். அதில் 377 என்று இருந்தால் நிம்மதி. அது எண்மக் கணக்கில், அதாவது 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களை மட்டும் கொண்டு, எழுதிய எண். கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்தது என்று அர்த்தம். 0 என்றால் ஒன்றுக்கும் வரவில்லை. புதிதாக ஆரம்பித்த சர்வரில் அது 1, 3, 7, 17, 37 என்று படிப்படியாக ஏறும். அந்த நேரத்தில் பொறுமையாக இருங்கள். 377-க்குப் போய்விட்ட எண் 376 ஆகி, 375 ஆகி, 373, 367 என்று ஆடினால் நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்து, அந்த இழப்பின் குறி ஒவ்வொரு இடமாக நகர்கிறது. ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். நாள் முழுவதும் அப்படியே ஆடினால் இணைப்பில் கோளாறு. 'போல்' என்ற பத்தியில் இருப்பது வினாடி இல்லை, இரண்டின் அடுக்கு: 6 என்றால் 64 வினாடிக்கு ஒருமுறை கேட்கிறது, 10 என்றால் 1,024 வினாடிக்கு ஒருமுறை. கடிகாரம் நிலைபெறும்போது இந்த எண் தானாக ஏறும். ஏறாமல் 6-லேயே நின்றால் எங்கோ ஏதோ ஆடிக்கொண்டிருக்கிறது.

ரீச் 0 என்றால் ஃபயர்வாலைப் பாருங்கள். என்டிபி பயன்படுத்தும் யுடிபி 123 என்ற போர்ட்டுக்குக் கேள்வி வெளியே போக வேண்டும், அதன் பதில் உள்ளே வர வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பழைய என்டிபி புரோகிராம் தன் பக்கத்திலும் 123-ம் போர்ட்டிலிருந்தே கேள்வி அனுப்பும். 2014-ல் என்டிபி சர்வர்களில், நேரம் கேட்டவர்களின் பட்டியலைத் தரும் 'மான்லிஸ்ட்' வசதியைத் துஷ்பிரயோகம் செய்து பெரும் தாக்குதல்கள் நடந்தன. அதன்பிறகு 123-லிருந்து வரும் போக்குவரத்தை மட்டுப்படுத்திய நெட்வொர்க்குகள் உண்டு. ஒருமுறை நேரம் கேட்டுப் பார்க்கும் 'என்டிபிடேட்' கட்டளையைச் சாதாரணமாக ஓட்டினால் பதில் இல்லை, யூ என்ற விருப்பத்தோடு ஓட்டினால் பதில் வருகிறது என்றால், உங்கள் வழியில் யாரோ மூலப் போர்ட் 123-ஐத் தடுக்கிறார்கள். குரோனி இயல்பிலேயே வேறு போர்ட்டிலிருந்து கேட்பதால் இதில் மாட்டாது.

ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்த இருவர்

நான் பார்த்த கோளாறுகளில், இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் சர்வர் பக்கம் போகக்கூடாது என்று நினைக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நூற்பாலை. கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு. "அண்ணா, ஆத்தென்டிகேட்டர் நம்பர் போட்டா தப்பு தப்புன்னே வருதுங்க. சரியாத்தானுங்க போடறேன்." அவருக்கு மட்டுமில்லை, அவர் நுழைய முயன்ற தளத்தில் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்த எல்லோருக்கும் அதே கதி. ஆனால் அலுவலகக் கணினிகளில் லாகின், பிரிண்டர், ஷேர் ஃபோல்டர் எதிலும் குறை இல்லை. அந்த ஆத்தென்டிகேட்டர் சரிபார்ப்பு நடந்தது ஆலைக்குள்ளேயே இருந்த ஒரு சர்வரில்.

அந்த ஆறு இலக்க எண் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் சந்தேகம் சரியான இடத்துக்குப் போகும். போனும் சர்வரும் ஒரு ரகசிய எண்ணைப் பகிர்ந்து வைத்திருக்கின்றன. அதோடு அப்போதைய நேரத்தை 30 வினாடித் துண்டுகளாக எண்ணிச் சேர்த்து இருவரும் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறார்கள். ஒன்றிரண்டு துண்டு முன்பின் போனால் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் விடை பொருந்தாது. போனின் நேரம் மொபைல் நெட்வொர்க்கிலிருந்து வருவதால் அது சரி. அப்படியானால் தவறியது சர்வர்.

போய்ப் பார்த்தால் சர்வர் மட்டும் இல்லை, அந்த ஆலையின் எல்லாக் கணினிகளும் நான்கு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தன. எல்லாம் ஒரே அளவுக்கு. அதனால்தான் லாகினில் கோளாறு தெரியவில்லை. விண்டோஸ் டொமைனில், அதாவது ஒரே நிர்வாகத்தில் இணைத்த கணினிகளின் குழுவில், அடையாளச் சரிபார்ப்பு கெர்பரோஸ் என்ற நெறிமுறை வழியாக நடக்கிறது. அது இயல்பாக 5 நிமிட வித்தியாசம் வரை பொறுக்கும். இங்கே கணினிகளுக்குள் வித்தியாசமே இல்லை. எல்லோரும் ஒற்றுமையாகத் தப்பு நேரத்தில் இருந்தார்கள்.

அந்த டொமைனை நிர்வகிக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில், விண்டோஸின் நேரக் கட்டளையான 'டபிள்யூ 32 டிஎம்'-ல் 'குவெரி', 'சோர்ஸ்' என்று கேட்டேன். 'விஎம் ஐசி டைம் சிங்க்ரனைசேஷன் புரொவைடர்' என்று வந்தது. அதாவது அது ஒரு விர்ச்சுவல் மெஷின். தன்னை ஓட்டும் ஹைப்பர்-வி ஹோஸ்ட்டிடம் நேரம் கேட்கிறது. சரி, ஹோஸ்ட் யாரிடம் கேட்கிறது? அதே கட்டளையை அங்கே ஓட்டினேன். டொமைன் கன்ட்ரோலரின் பெயர் வந்தது. ஹோஸ்ட்டும் அதே டொமைனில் சேர்க்கப்பட்ட கணினி. டொமைனில் சேர்ந்த கணினி டொமைன் கன்ட்ரோலரைத்தான் கேட்கும். இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து யாரும் அவர்களுக்கு நேரம் சொல்லவில்லை. ஒரு படிகத்தின் சிறு பிழை மாதக்கணக்கில் மொத்த ஆலையையும் இழுத்துப் போயிருந்தது.

திருத்தியது இப்படி. டொமைன் கன்ட்ரோலருக்குள் அந்த விஎம் ஐசி வழியை மட்டும் அணைத்தேன். டொமைனில் பிடிசி எமுலேட்டர் என்ற தலைமைப் பொறுப்பில் இருக்கும் கன்ட்ரோலர் ஒன்றுதான் வெளியே கேட்க வேண்டும். அதற்கு வெளி சர்வர்களின் பட்டியலைக் கையால் கொடுத்தேன். மற்ற எல்லாமே டொமைன் வரிசைப்படி அதனிடம் கேட்டுக்கொள்ளும், அவற்றைத் தொடவே வேண்டாம். விலகல் 5 நிமிடத்தைத் தாண்டியிருக்கவில்லை என்பது நல்லதாகப் போயிற்று. கன்ட்ரோலர் முதலில் சரியான நேரத்துக்குத் தாவியபோதும் மற்ற கணினிகள் கெர்பரோஸின் பொறுமைக்குள்ளேயே இருந்தன. ஆனாலும் ஷிப்டு முடிந்து, கணக்கு சாஃப்ட்வேரை மூடிய பிறகுதான் இதைச் செய்தேன்.

விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் சாஃப்ட்வேர் ஹைப்பர்-வி, விஎம்வேர், கேவிஎம் எதுவானாலும் விதி ஒன்றுதான்: ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு நேரம் ஒரே வழியாக வர வேண்டும். ஹோஸ்ட் ஒரு பக்கம் தள்ள, உள்ளே ஓடும் என்டிபி இன்னொரு பக்கம் இழுத்தால் கடிகாரம் ஊஞ்சலாடும்.

எத்தனை பேரைக் கேட்பது

ஒருவரை மட்டும் கேட்டால் அவர் தவறும்போது நாமும் தவறுவோம். இருவரைக் கேட்டால் அவர்கள் முரண்படும்போது யார் சரி என்று தெரியாது. மூன்று பேர் இருந்தால் தவறுபவரைக் கண்டுபிடிக்கலாம். நான்கு பேர் இருந்தால் ஒருவர் இல்லாத நாளிலும் அதைச் செய்யலாம். நான் எப்போதும் நான்கு வைப்பேன்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் டிக், டாக் என்ற இரண்டு புகழ்பெற்ற நேர சர்வர்கள் சிறிது நேரம் 2000-ம் ஆண்டைச் சொல்லின. உலகிலேயே மிக நம்பகமானவை என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தவை அவை. அவற்றை மட்டுமே நம்பியிருந்த ஆக்டிவ் டைரக்டரி என்ற விண்டோஸ் டொமைன் அமைப்புகளும் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளும் 12 வருடம் பின்னால் போய் விழுந்தன. பலரைக் கேட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய என்டிபி புரோகிராமுக்கு இயல்பிலேயே ஒரு காப்பு உண்டு: விலகல் 1,000 வினாடிக்கு மேல் என்றால் திருத்தாமல் தன்னையே நிறுத்திக்கொள்ளும். அது நின்று கிடப்பதைப் பார்த்து எரிச்சலோடு அந்தக் காப்பை நிரந்தரமாக எடுத்துவிடுகிறார்கள் சிலர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

தாவலும் நகர்த்தலும்

தவறிய நேரத்தை இரண்டு விதமாகத் திருத்தலாம். ஒரேயடியாகச் சரியான நேரத்துக்குத் தாவுவது ஒன்று. கடிகாரத்தைக் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டு நகர்த்திக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மற்றொன்று. பழைய என்டிபி 128 மில்லி வினாடிக்குள் இருந்தால் நகர்த்தும், மீறினால் தாவும். நகர்த்தும் வேகம் அதிகபட்சம் பத்து லட்சத்துக்கு 500. ஒரு வினாடியைத் திருத்த அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். குரோனி இன்னும் வேகமாக, 12 வினாடிக்கு 1 வினாடி வரை நகர்த்தும்.

முன்னோக்கித் தாவினால் நடுவில் ஓட வேண்டிய கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி வைத்தது) விட்டுப்போகலாம். பின்னோக்கித் தாவினால் அதைவிட மோசம். ஒரே நிமிடம் இரண்டு தடவை வரும். நேரக்குறியை வைத்து 'கடைசியாக எழுதியதே செல்லும்' என்று முடிவுசெய்யும் கசாண்ட்ரா போன்ற தரவுத்தளங்களில், முன்னால் ஓடிய கடிகாரம் எழுதிவைத்த பழைய தகவல், திருத்திய பிறகு வந்த புதுத் தகவலை மறைத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. தகவல் சேமித்ததாகவே காட்டும், வாசித்தால் பழையது வரும். ஆகவே தரவுத்தளம் ஓடும் சர்வரில் கடிகாரம் முன்னால் ஓடியிருந்தால், பின்னுக்குத் தாவ விடாதீர்கள். நகர்த்துங்கள், அல்லது சேவையை நிறுத்திவிட்டுத் திருத்துங்கள்.

குரோனியின் 'மேக்ஸ்டெப் 1.0 3' என்ற வரியை நான் விரும்புவது இதற்காகத்தான். தொடங்கியபின் முதல் மூன்று அளவீடுகளுக்குள், விலகல் ஒரு வினாடிக்கு மேல் என்றால் மட்டும் தாவு; அப்புறம் எப்போதும் நகர்த்து என்று அது சொல்கிறது. அடிக்கடி சஸ்பெண்ட் ஆகி எழும் டெஸ்ட் மெஷின்களுக்கு மட்டும் 3-க்குப் பதில் -1 போடுவேன். எழுந்தவுடன் எத்தனை தடவை வேண்டுமானாலும் தாவிக்கொள்ளட்டும்.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பை 4 வரை அதில் பேட்டரிக் கடிகாரமே கிடையாது. கடைசியாக அணைத்த நேரத்தை ஒரு ஃபைலில் எழுதிவைத்து அங்கிருந்து தொடங்கும். அதிலேயே, தளப் பெயர்களை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரையும், பதில்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக்கோடு வைத்தால் ஒரு முடிச்சு விழும். நேரம் தப்பாக இருப்பதால் டிஎன்எஸ் கையொப்பங்கள் செல்லாது என்கிறது. டிஎன்எஸ் வேலை செய்யாததால் நேர சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் நேரம் திருந்தவில்லை. நேர சர்வர்களில் ஒன்றை மட்டும் பெயராக இல்லாமல் ஐபி எண்ணாகக் கொடுத்துவிட்டால் முடிச்சு அவிழும்.

இந்தியாவில் யாரைக் கேட்க வேண்டும்

நம் நாட்டின் நேரத்தை வைத்திருப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், என்பிஎல். அங்கே அணுக்கடிகாரங்கள் ஓடுகின்றன. அரசின் கணினித் துறை அமைப்பான என்ஐசியும் சமய்1, சமய்2 என்ற பெயர்களில் நேர சர்வர்களை நடத்துகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று, கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்களும் டேட்டா சென்டர்களும் தங்கள் கணினிகளின் நேரத்தை என்ஐசி அல்லது என்பிஎல் சர்வர்களோடு, அல்லது அவற்றிலிருந்து தொடர்ச்சி காட்டக்கூடிய சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும். லாக்குகளை, அதாவது கணினியில் நடந்தவற்றின் பதிவுகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான் வருகிறது. இந்த மூன்றும் ஒன்றாக வந்திருப்பதில் நியாயம் இருக்கிறது. மூன்று சர்வர்களின் லாக் மூன்று நேரத்தைக் காட்டினால், திருடன் எந்த வாசலில் முதலில் நுழைந்தான் என்று எப்படிச் சொல்வது?

சென்னைக்கு இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்திய நேரம் 1906 ஜனவரி 1-ல் வருவதற்கு முன் நாடெங்கும் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் கடிகாரம் அதற்கு ஆதாரம். இந்திய நேரம் அதைவிட சுமார் ஒன்பது நிமிடம் முன்னால் வைக்கப்பட்டது.

அலுவலகத்தில் நூறு கணினி இருந்தால் நூறும் டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. உள்ளே சில குரோனி சர்வர் வையுங்கள், அவை வெளியே கேட்கட்டும், மற்றவை அவற்றைக் கேட்கட்டும். பொதுச் சேவையை மதிப்பது முக்கியம். 2003-ல் நெட்கியர் ரவுட்டர்களில் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் நேர சர்வர் முகவரியை நேரடியாக எழுதி வைத்துவிட்டதால், பதில் வராவிட்டால் வினாடிக்கு ஒருமுறை கேட்கும் லட்சக்கணக்கான கருவிகள் அந்த ஒரு சர்வரை மூச்சுத்திணற வைத்தன.

சர்வர் அறைக்கு வெளியே

சர்வர்களை எல்லாம் சரிசெய்துவிட்டு வருகைப்பதிவு இயந்திரத்தையும் சிசிடிவி ரெக்கார்டரையும் மறந்துவிடுகிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. விரல் வைக்கும் அந்த இயந்திரம் ஆறு நிமிடம் முன்னால் ஓடினால், சரியான நேரத்துக்கு வந்த தொழிலாளிக்குத் தாமதம் விழுகிறது. மூன்று தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கும் இடங்கள் இருக்கின்றன. "மிஷின் காட்டுதேம்மா, நான் என்ன பண்றது" என்று மேற்பார்வையாளர் சொல்வதை நேரில் கேட்டிருக்கிறேன். அந்த அம்மாவிடம் தன் பக்கம் காட்ட ஒரு சான்றும் இல்லை. பெரும்பாலான இயந்திரங்களில் என்டிபி அமைப்பு உண்டு, யாரும் அதில் சர்வர் முகவரியைப் போட்டிருக்கமாட்டார்கள். ஐந்து நிமிட வேலை. என்டிபி இல்லாத மாடல் என்றால், அதோடு பேசும் சாஃப்ட்வேர் இருக்கும் கணினியிலிருந்து தினமும் நேரத்தைத் தள்ளும்படி அமைக்கலாம். முதலில் அந்தக் கணினியின் நேரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிசிடிவிக்கும் இதேதான். வழக்கு என்று வந்தால், படத்தின் மூலையில் இருக்கும் அந்த நேரத்தைத்தான் முதலில் கேள்வி கேட்பார்கள்.

டைம்சோனைப் பொறுத்தவரை, சர்வரை யுடிசியிலோ இந்திய நேரத்திலோ வைப்பது உங்கள் விருப்பம். ஆனால் தரவுத்தளத்துக்குள் யுடிசியே இருக்கட்டும். 5:30 என்ற எண்ணை நிரலில் நேரடியாகக் கூட்டாதீர்கள். இலங்கைக்கும் 5:30 தானே என்று கூட்டிவைப்பவர்களுக்கு அங்கே அடி விழும். இலங்கை 1996 மே மாதம் 6:30-க்குப் போனது, அதே வருடம் அக்டோபரில் 6:00-க்கு வந்தது, 2006 ஏப்ரலில்தான் மறுபடி 5:30-க்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடத்துப் பிறப்புப் பதிவையோ வங்கிப் பதிவையோ கையாளும் நிரல் 'ஏசியா/கொழும்பு' என்ற பெயரைக் கொடுத்து டைம்சோன் தரவைக் கேட்டால்தான் சரியான விடை வரும்.

2038 பிரச்சினையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 1970-லிருந்து வினாடிகளை 32 பிட்டில் எண்ணும் நிரல்கள் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு மேல் எண்ண முடியாமல் போகும். அதற்கு முன்னாலேயே என்டிபியின் கணக்கு திரும்புகிறது. அது 1900-லிருந்து எண்ணுவதால் 2036 பிப்ரவரி 7, இந்திய நேரம் பகல் 11:58:16-க்கு மறுபடி பூஜ்யத்துக்கு வரும். குரோனி போன்ற நல்ல புரோகிராம்கள் இதைக் கையாளும்படி எழுதப்பட்டிருக்கின்றன. சுவரில் மாட்டி மறந்துபோகும் கருவிகள் விஷயத்தில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இன்று வாங்கி மாட்டும் கேட் கன்ட்ரோலரும் மின்னளவியும் வருகைப்பதிவு இயந்திரமும் 2036-ல் ஓடிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆர்டர் போடும் முன் ஒரு மாதிரிக் கருவியை வாங்கி, தனி சுவிட்சில், உங்கள் நெட்வொர்க்கோடு ஒட்டாமல் வையுங்கள். நேரத்தை அந்த பிப்ரவரி 7, 11:58-க்குத் திருப்பி, சோதனைக்கென்று வைத்த ஒரு நேர சர்வரையும் அதே நேரத்தில் ஓடவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு 2038-க்கும் அதையே செய்யுங்கள். தேதி 1900-க்கோ 1901-க்கோ 1970-க்கோ போனால், அதைப் போட்டோ எடுத்து விற்பவருக்கு அனுப்பி, ஃபர்ம்வேர் திருத்தம் எப்போது வரும் என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.